ஊடுருவித் தெரியும் பாறை

தமிழ் இலக்கியத்தில் கண்ணாடிக்கு ஒளி உண்டு, தெளிவு உண்டு, பிறிதொன்றைத் தன்னில் காட்டும் இயல்பு உண்டு. எடை மட்டும் இல்லை. நம் நூல்கள் ஆடி என்றும் பளிங்கு என்றும் படிகம் என்றும் குறிப்பவை இன்றைய சன்னல் கண்ணாடி அல்ல என்பது உண்மைதான். ஆடி பெரும்பாலும் மெருகேற்றிய உலோகத் தகடு. பளிங்கு மண்ணிலிருந்து கிடைக்கும் தெளிந்த கல். ஆயினும் அவற்றைப் பற்றிய பேச்செல்லாம் பார்வையைச் சார்ந்ததாகவே இருக்கிறது. வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில் உள்ளத்தை வெளிக்காட்டும் முகத்துக்குப் பளிங்கை உவமையாக்குகிறார். மணிமேகலையின் ‘பளிக்கறை புக்க காதை’யில், உவவனத்துப் பளிங்கு மண்டபத்துக்குள் மணிமேகலை புகுந்துகொள்கிறாள். வெளியே நிற்கும் உதயகுமரனுக்கு அவள் உருவம் தெரிகிறது. உள்ளே செல்லும் வழி தெரியவில்லை. பார்க்க முடிகிறது, அடைய முடியவில்லை என்னும் அந்த அழகிய முரணில்தான் வகுப்பறையில் நாம் வழக்கமாக நிற்போம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் இக்காதையை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்தச் சொவர யாரு தூக்கி நிறுத்துனாங்க?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கல்பாக்கத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன் அவன். இரவுகளில் தன் சித்தப்பாவுடன் லாரிகளிலிருந்து கண்ணாடி இறக்கப் போய்வருகிறான் என்பதும், காலையில் முதல் வகுப்பில் அவன் கண்கள் செருகுவதற்கு அதுவே காரணம் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தன.

அக்கேள்விக்குக் காப்பியத்தில் விடை இல்லை. ஆனால் கேள்வி என்னுடன் தங்கிவிட்டது. நான் குடியிருப்பது புதுப்பட்டினத்தில், பணிபுரிவது செங்கல்பட்டில். நாள்தோறும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய்வருபவன். அதன் பிறகு கண்ணாடி ஏற்றிய லாரிகள் எனக்குத் தனியாகப் புலப்படத் தொடங்கின. லாரியின் நடுவே, நீளவாக்கில், ஆங்கில எழுத்து ‘ஏ’யின் வடிவில் ஒரு சட்டம் நிற்கும். அதன் இருபுறமும் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். முதுகை மேலே வைத்து நிறுத்திய ஒரு திறந்த புத்தகம் போல இருக்கும் அந்தச் சுமை. வேகத்தடைகளில் அந்த லாரிகள் ஏறி இறங்கும் பொறுமையைக் கோயில் தேர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை கண்ணாடி இந்தக் கடற்கரைக்கு வருவது பழைய வழக்கம் அன்று. பிரான்சில் 1665இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில் தொடங்கப்பட்டு, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குத் தகடுகள் செய்துகொடுத்த செயின்ட்-கோபைன் நிறுவனம், 2000ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே காலகட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் விரிந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி விடுதிகள் எழுந்தன. ஓலையும் ஓடும் இருந்த இடங்களில் கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர்கள் வந்தன. ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி ஒரு கண்ணாடிப் பாதை உருவானது.

அம்மாணவன் பட்டம் பெற்ற பிறகும் தொடர்பில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைச் சுவருக்கு வெளியே அமர்ந்து பேசுவோம். கண்ணாடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொன்னது. மீதி அவன் சொன்னதைச் சரிபார்க்கப் போய்ப் படித்தது.

கண்ணாடியை ஏன் படுக்க வைத்துக் கொண்டுசெல்வதில்லை என்று முதலில் கேட்டேன். அவன் என் பையிலிருந்த அடிக்கோலை எடுத்து இரு முனைகளையும் பிடித்துத் தட்டையாக அழுத்தினான், வளைந்தது. விளிம்பு மேலாகத் திருப்பி அழுத்தினான், அசையவில்லை. “அவ்ளோதான் ஐயா” என்றான். அவ்வளவுதான். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தட்டையாகக் கிடத்தினால் தன் எடையாலேயே இடையில் தொய்யும். தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்து ஓடும். கண்ணாடியின் வலிமையைத் தீர்மானிப்பவை அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களே என்பதை 1920களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் கண்ணாடி நின்றபடி பயணம் செய்கிறது. செங்குத்தாக நின்றால் எந்தப் பக்கமும் விழும் என்பதால், சில பாகை சாய்த்து, தன் எடையே தன்னைச் சட்டத்தின் மீது அழுத்திவைக்கும்படி நிறுத்துகிறார்கள். கீழ் விளிம்புக்கு ரப்பர் அல்லது மரம். தகடுகளுக்கு இடையே காகிதமோ நுண்ணிய தூளோ இருக்கும். இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம் கடற்கரை ஈரம் இடையில் புகுந்தால் பரப்பு அரித்து, எண்ணெய் சிந்திய நீரைப் போல வானவில் நிறம் காட்டும். அந்தக் கறை பின்னர் எளிதில் போகாது.

இனி அளவு. இன்று நாம் பயன்படுத்தும் தட்டைக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும், உருகிய வெள்ளீயத்தின் மீது மிதக்கவிட்டுச் செய்யப்படுவது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனத்தில் பணியாற்றிய அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் கருக்கொண்டு, பல தோல்விகளுக்குப் பின் 1959இல் உலகுக்கு அறிவித்த முறை இது. உலையிலிருந்து வழியும் குழம்பு வெள்ளீயத்தின் மேல் பரவி, அதன் நீர்மட்டச் சமதளத்தைத் தானும் பெறுகிறது. பின்னர் மெல்ல மெல்லக் குளிர்ந்து, முடிவில்லாத ஒரு நாடாவாக இரவும் பகலும் வெளிவந்துகொண்டே இருக்கிறது. அந்த நாடாவை வெட்டி எடுக்கும் பெரிய தகட்டின் உலகப் பொது அளவு, நீளம் 6 மீட்டர், அகலம் 3.21 மீட்டர். ஒரு நடுத்தர வீட்டின் கூடம் அது.

எடைக்கு அவனிடம் ஒரு வாய்பாடு இருந்தது. ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிப்பு என்றால் இரண்டரை கிலோ. பிறகு பெருக்கிக்கொண்டே போகலாம். 6 மி.மீ. தடிப்புள்ள பெரிய தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ 289 கிலோ. எழுபது தகடுகளை ஏற்றினால் 20 டன்னைத் தாண்டும். ஆனால் அந்த எழுபதையும் சேர்த்துவைத்தால் தடிப்பு வெறும் 42 சென்டிமீட்டர். சட்டத்தின் இருபுறமும் பிரித்துச் சாய்த்தால் பக்கத்துக்கு ஒரு சாண் அகலம்தான் தெரியும். ஒரு சாண் அகலத்தில் 10 டன் நிற்கிறது என்று யார் கண்ணும் சொல்லாது.

இந்த இடத்தில் மாமல்லபுரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி நீரைப்போல் இரண்டரை மடங்கு. கருங்கல்லின் அடர்த்தி அதைவிடச் சற்றே கூடுதல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த லாரியில் போவது, ஆறு மீட்டர் நீளமும் ஒரு மனிதனைப் போல் இரண்டு பங்கு உயரமும் உள்ள ஒரு கருங்கல் சுவர். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் கல் நகர்த்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சங்கிலிக் கப்பியை மாட்டுவார்கள். உருளைகளை அடியில் தள்ளுவார்கள். கல் அசையப்போகும் திசையில் நிற்கும் சிறுவனைத் தலைமைச் சிற்பி ஒரு சொல்லால் விரட்டுவார். கல் தன் கனத்தைத் தானே அறிவித்துக்கொண்டிருக்கிறது. கறுத்து, முரட்டுத்தனமாக, ஒளியை மறித்துக்கொண்டு நிற்பதால் எவரும் அதனிடம் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். கண்ணாடியோ தனக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தையும் வானத்தையும் காட்டிவிட்டுத் தன்னை மறைத்துக்கொள்கிறது. ஊடுருவித் தெரியும் பொருளுக்கு எடை இருக்காது என்று உடம்பு நினைத்துவிடுகிறது. அறிவு சொல்வதைக் கேட்கும் முன்பே கை அப்படி நம்பிவிடுகிறது.

கல்பாக்கத்து அறிவியல் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தங்கள் ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் தடித்த சுவர் அறைகளைப் பற்றிச் சொன்னார். அவற்றுக்கும் சன்னல் உண்டு. ஈயம் கலந்த, மஞ்சள் சாயல் கொண்ட கண்ணாடிப் பாளங்களால் ஆனது அந்தச் சன்னல். அவ்வகைக் கண்ணாடியின் அடர்த்தி நீரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் போகும். இரும்பின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே கண்ணாடியைச் சன்னல் என்று யாரும் நினைப்பதில்லை, பார்க்க முடிகிற சுவர் என்றே நினைக்கிறார்கள் என்றார். கண்ணாடியின் கனத்தை உயிர்காக்கும் பொருளாக மதிக்கும் ஓர் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது.

*

ஒருநாள் அவன் தன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினான். ஐரோப்பாவில் கண்ணாடி ஏற்றிச் செல்வதற்கென்றே செய்த லாரித் தொடர்வண்டி. ஜெர்மனியின் லாங்கெண்டார்ஃப், பெல்ஜியத்தின் ஃபேமன்வில் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. இன்லோடர் என்பது அதன் பெயர். சுமையைத் தன் மேல் அல்லாமல் தனக்குள் ஏற்றிக்கொள்ளும் வண்டி.

அது ஏன் அப்படி ஆனது என்பதற்குக் காரணம் எளிமையானது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சாலை வாகனத்தின் உயரம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி நின்றால் 3.21 மீட்டர். சாதாரண லாரியின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. கண்ணாடியைச் சிறிதாக்கவும் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது. எனவே லாரியின் தளத்தையே நீக்கிவிட்டார்கள். இன்லோடரின் நடுப்பகுதி வெற்றிடம். இடப்புறச் சக்கரங்களையும் வலப்புறச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் அந்தந்தப் பக்கத்துச் சுவரில் தனித்துத் தொங்குகிறது. அந்த இரு சுவர்களுக்கும் நடுவே, சாலையிலிருந்து சற்றே உயரத்தில், கண்ணாடி நிற்கிறது.

ஏற்றும் முறைதான் என்னை வியக்கவைத்தது. ஆலையில் கண்ணாடியை முன்கூட்டியே ஒரு சட்டத்தில் சாய்த்து, தரையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் பின்கதவைத் திறக்கிறார். வண்டி தன் சக்கரங்களின் மேல் மெல்லத் தாழ்கிறது. பின்னோக்கி வருகிறது. அசையாமல் நிற்கும் கண்ணாடியை வண்டி வந்து விழுங்குகிறது. பிறகு வண்டி உயர்கிறது. சட்டம் தரையை விட்டு எழுகிறது. இருபுறச் சுவர்களிலிருந்தும் மெத்தை பொருத்திய கரங்கள் நீண்டு கண்ணாடியை அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன. கதவு மூடுகிறது. சில நிமிடங்களில், ஒரே ஒருவர், 20 டன்னுக்கும் மேற்பட்ட கண்ணாடியை ஒரு விரல்கூடப் படாமல் ஏற்றிவிட்டார். போய்ச் சேரும் இடத்தில் இதே செயல் தலைகீழாக நடக்கிறது. சட்டத்தை அங்கேயே விட்டு, பழைய வெற்றுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறார். பின்னர் உறிஞ்சு கிண்ணங்கள் பூட்டிய பாரந்தூக்கி தகடுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறது.

காணொளி முடிந்ததும் அவன் அதை மீண்டும் ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினான். “இதுல நம்மாளு எங்க நிக்கிறான்னு பாருங்க ஐயா” என்றான். பார்த்தேன். “யாருமே இல்ல. கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவுல ஆளே இல்ல. அதான் இந்த வண்டி.”

பாலத்தின் உயரத்தைத் தீர்க்க வந்த ஒரு வடிவம், மனிதனை ஆபத்தான இடத்திலிருந்து விலக்கியும் வைத்துவிட்டது. அவன் கண் நேராக அங்கேதான் சென்றது.

இத்தகைய பெருஞ்சுமைகளைப் பற்றிக் கல்பாக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் 12 மீட்டருக்கும் அதிகமான விட்டம் கொண்டது. எந்தச் சாலையும் அதைக் கொண்டுவர முடியாது என்பதால், உலைக்கு அருகிலேயே பட்டறை அமைத்து அதைச் செய்தார்கள். அங்கிருந்து நகர்த்தி 2009 டிசம்பரில் உலைக்குழிக்குள் இறக்கினார்கள். அன்று அங்கே ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டிருந்தது. எவர் எங்கே நிற்க வேண்டும் என்பது உட்பட. சுமை பெரிதாகத் தெரிந்தால் மனிதர்களின் இடத்தையும் திட்டமிடுகிறோம். சுமை கண்ணுக்குத் தெரியாதபோதுதான் அந்தத் திட்டம் காணாமல் போகிறது.

*

நம் கடற்கரையில் கண்ணாடியின் கடைசிப் பயணம், கிடங்கிலிருந்து கட்டடத்துக்கு. அங்கே உறிஞ்சு கிண்ணமும் கிடையாது, பாரந்தூக்கியும் கிடையாது. வெட்டிச் சிறிதாக்கிய தகடுகள் சாதாரண லாரியில் வருகின்றன. நான்கைந்து பேர் கையுறையும் கயிறுமாக நின்று இறக்குகிறார்கள்.

இந்த வேலைக்கென்று எழுதப்படாத ஒரு ஒழுங்கு உண்டு. லாரியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். கட்டை அவிழ்ப்பதற்கு முன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுவதும் காலி செய்யக்கூடாது. இடம் இரண்டு, வலம் இரண்டு என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் மறுபக்கத்துச் சுமை சட்டத்தையே கவிழ்த்துவிடும். தகடுகளின் முகத்துக்கு நேரே நிற்கக்கூடாது. பக்கவாட்டில், விளிம்புப் பக்கம் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: விழும் கண்ணாடியைப் பிடிக்காதே. உலகெங்கும் கண்ணாடித் தொழிலில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் சொல்லப்படுவது இதுதான்.

அவனுடைய சித்தப்பா இருபது ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவர். அவன் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கட்டுமான இடத்தில் இரவில் லாரி வந்து நின்றது. முந்தைய நாள் மழை பெய்திருந்தது. மணல் தரை. கட்டை அவிழ்த்துச் சில தகடுகளை இறக்கிய பிறகு, ஒரு பக்கத்துச் சக்கரம் மெல்லப் புதைந்தது. எட்டடிக்கு ஆறடி அளவுள்ள தகடுகள் கொண்ட ஓர் அடுக்கு சட்டத்தை விட்டு விலகி முன்னால் வந்தது. மற்றவர்கள் குதித்து விலகினார்கள். சித்தப்பா இரண்டு கைகளையும் நீட்டி அதைப் பிடித்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அவன் கல்லூரிக்கு வந்தபோது, மரத்தடியில் நின்று என்னிடம் சொன்னான்: “சித்தப்பா ஓடியிருக்கலாம் ஐயா. அவருக்குத் தெரியாதது இல்ல. ஆனா நேரா நின்னு பாத்தா ஒரு கண்ணாடி மாதிரிதான் தெரியும். அவரு ஒண்ணப் புடிக்கப் போனாரு. வந்தது பத்து.”

கண்ணாடி செய்யும் வஞ்சனை முழுவதும் இந்தச் சொற்களில் இருக்கிறது. பத்துத் தகடுகளை ஒன்றன் முன் ஒன்றாகச் சாய்த்து நேரே நின்று பாருங்கள். பத்தும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்து ஒன்றாகத்தான் தெரியும். பச்சைச் சாயல் மட்டும் சற்றுக் கூடியிருக்கும். பக்கவாட்டில் சென்று விளிம்பைப் பார்த்தால்தான், மணலிலுள்ள இரும்பின் நிறம் ஏறிய பத்துப் பச்சைக் கோடுகள் தெரியும். இரவில், லாரி விளக்கு வெளிச்சத்தில், முகத்துக்கு நேரே நிற்பவனுக்கு அந்தக் கோடுகள் தெரிய வழியில்லை.

பின்னாளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். எட்டடிக்கு ஆறடி, 5 மி.மீ. தடிப்புள்ள தகடு ஒன்று ஏறத்தாழ 56 கிலோ. பத்து சேர்ந்தால் 560. அந்த அடுக்கு செங்குத்து நிலையிலிருந்து 5 பாகை முன்னால் சாய்ந்திருக்கும்போது அதன் மேல்விளிம்பைத் தாங்க 25 கிலோ விசை போதும், ஒருவர் தாங்கலாம். 20 பாகையில் 95 கிலோ. 30 பாகையில் 140. இது அடுக்கு அசையாமல் இருக்கும்போது உள்ள கணக்கு. வேகமெடுத்துவிட்டால் இன்னும் கூடுதல். முதல் கணத்தில் தாங்க முடிகிறது என்பதுதான் இதில் கொடுமை. முதல் கணம் தாங்கியதால்தான் மனிதன் அங்கேயே நிற்கிறான். ஓடுவதற்கான நேரத்தை அந்த முதல் கணத்தின் இலேசு தின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் அவன் சொன்னான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னான். “ஒரு ஷீட் ஒடஞ்சா கூலியில புடிச்சிக்குவாங்க ஐயா. அது மனசுல எப்பவும் இருக்கும். கை தானாப் போயிரும்.” உடைந்த கண்ணாடி வீணாவதில்லை என்பதை நான் பிறகு படித்தேன். உடைந்த துண்டுகளைத் தூளாக்கி மீண்டும் உலையில் இடுகிறார்கள். புதிய மணலை உருக்குவதைவிட அதை உருக்கக் குறைந்த வெப்பமே போதும் என்பதால் ஆலைகள் அதை விரும்பியே சேர்க்கின்றன. அந்த இரவில் உடைந்த பத்துத் தகடுகளுக்கும் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது.

வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தில் ஒரு குறள் உண்டு. 475ஆவது குறள். அரசன் தன் பகைவரின் கூட்டு வலிமையை எடைபோட வேண்டும் என்பதற்கான உவமை அது என்றே உரைகள் சொல்கின்றன; நானும் அப்படியே நடத்திவருகிறேன். இப்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன். வள்ளுவர் இரும்பையோ கல்லையோ சொல்லாமல் மயிலிறகைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கனமாகத் தெரியும் பொருளைப் பற்றி எச்சரிக்கை தேவையில்லை. இலேசாகத் தெரியும் பொருளுக்கே எச்சரிக்கை தேவை. வண்டிக்காரர்களோடு பழகிய ஒருவரின் சொல்லாகவே அது எனக்குப் படுகிறது.

சட்டமும் ஒரு காலத்தில் இதை யோசித்திருக்கிறது. 1929இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கப்பலில் செல்லும் ஒரு டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள ஒவ்வொரு பொதியிலும் அதன் எடை வெளியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. தூக்குபவனுக்குத் தான் தூக்குவது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் அதன் நோக்கம். இந்தியா அதை ஏற்று, 1951இல் கனப் பொதிகளில் எடை குறிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அது நீர்வழிச் செல்லும் பொதிகளுக்கானது. துறைமுகத் தொழிலாளிக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த அந்த ஒற்றை எண், மணல் தரையில் இரவில் லாரியின் முன் நிற்பவனுக்கு இன்னும் வந்துசேரவில்லை. இன்லோடர் நம் கட்டட வாசல்களுக்கு வரும் நாள் தொலைவில் இருக்கலாம். அதன் விலையும் நம் தெருக்களின் அகலமும் அப்படி. ஆனால் ஒரு எண்ணை எழுத விலை இல்லை.

அந்த மாணவர் இப்போது கடற்கரைச் சாலையில் ஒரு கண்ணாடிக் கிடங்கில் இறக்குமதியை மேற்பார்க்கும் பொறுப்பில் இருக்கிறார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒருமையில் எழுதக் கை வரவில்லை. சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். ஒவ்வொரு அடுக்கின் பக்கவாட்டிலும், சட்டத்தின் மரத்தில், கறுப்பு மையால் பெரிதாக ஓர் எண் எழுதியிருந்தார். 560. 840. 1120. இறக்குபவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். கட்டை அவிழ்ப்பதற்கு முன் அந்த எண்ணை அவர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். அது அவர் வைத்திருக்கும் விதி. உடைந்தால் கூலியில் பிடிப்பதில்லை என்பது முதலாளியிடம் சண்டையிட்டு வாங்கிய இன்னொரு விதி.

“தமிழ் படிச்ச ஆளு, எச்சரிக்கைய வாசகமா எழுதலையா?” என்று கேட்டேன்.

“எழுத்து வேணாம் ஐயா. நம்பர் எல்லா ஊருக்காரனுக்கும் தெரியும்” என்றார். அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது. சக்கரங்களுக்கு அடியில் தரை எப்படியிருக்கிறது என்று பார்க்க அவர் குனிந்தார்.